கண்ணாடித் தொட்டியில் இராட்சத மட்டி

முத்துச் சிப்பியை நாம் யாவரும் அறிவோம். மன்னார்க் கடல் அதனாலன்றோ பெயர் பெற்றது! ஆனால், நாலடி நீளமும் 200 கிலோவுக்கு மேற்பட்ட நிறையும் கொண்ட மட்டியொன்று உண்டென்றால் நம்பச் சிலர் தயங்குவர். பசிபிக் சமுத்திரத்து முருகைக்கற் பார்களிலே வாழும் திரிடக்னா கிகாஸ் என்பதே அது. பாரிஸ் நகரின் சென் சுல்பீஸ் தேவாலயத்தில் அதன் ஓடுகள் இரண்டு தீர்த்தத் தொட்டிகளாக விளங்குகின்றன. முத்துக்குளிப்போரின் காலைக் கவ்விக் கொல்லும் என்பது வெறுங்கதை. முதிர்ந்த மட்டி தன் ஓட்டை முற்றாக மூடவும் வல்லதன்று.

இக்குலத்தின் சிறியவற்றைக் கடல்நீர்த் தொட்டிகளில் வளர்ப்போர் இன்று பல நாடுகளிலும் உளர். குரோசியா, மக்சிமா, தெராசா, ஸ்குவாமோசா என்பன அவர்கள் விரும்பும் இனங்கள். நீலமும் பச்சையும் பொன்னும் கலந்து விரியும் அவற்றின் மென்மூடியைக் கண்டவர் வாங்காது திரும்புதல் அரிது. வாங்கியபின் அதனை உயிரோடு வைத்திருப்பதே வித்தை.

அவ்வித்தையின் திறவுகோல் அம்மென்மூடியிலேயே இருக்கிறது. அதனுள் கோடிக்கணக்கான நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. 1928-29ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவின் பெருந்தடைப் பாருக்குச் சென்ற ஆங்கில விஞ்ஞானி சீ. எம். யொங், மட்டி தன் உடலையே தோட்டமாக்கிப் பயிர் செய்கிறதென்று கண்டார். அப்பயிரை மட்டி உண்டு செரிக்கிறதென அவர் கருதினார். பிற்கால ஆய்வு அதனைத் திருத்தியது: அல்காக்கள் உயிரோடிருந்தே, ஒளியினால் தாம் ஆக்கும் வெல்லத்தின் பெரும்பகுதியை மட்டிக்கு ஈகின்றன, மட்டியோ தன் கழிவுகளை அவற்றுக்கு உரமாக்குகிறது. குடியிருப்பவன் வாடகை கொடுக்க, வீட்டுக்காரன் சோறு போடும் இத்தகைய உறவு மனிதரிடையே அருமை!

ஆகவே ஒளியே இங்கு உணவு. மங்கிய விளக்கின்கீழ் வைத்த மட்டி, அழகு குன்றாமலே சில காலம் இருந்து, மெல்லப் பட்டினியால் மடியும். குரோசியாவும் மக்சிமாவும் மிகுந்த ஒளியை வேண்டுவன; தெராசா, ஸ்குவாமோசா சற்றுக் குறைந்த ஒளியிலும் தேறும். எனினும், பொதியிலிருந்து எடுத்த உடனே பேரொளியில் இடுவது தவறு, மென்மூடி வெளுத்துவிடும். தாழ்ந்த ஒளியில் தொடங்கிச் சில வாரங்களிற் கூட்டுதல் நன்று.

நீரின் வெப்பநிலை 25 முதல் 27 பாகை செல்சியஸ் வரையும், தன்னீர்ப்பு 1.025 அளவிலும் நிற்கவேண்டும். ஓடு வளர்வதற்குக் கல்சியம் தேவை; லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் பொருத்தமானது. வளரும் மட்டி அதனை நாடோறும் நீரிலிருந்து உறிஞ்சுவதால் அடிக்கடி அளந்து ஈடுசெய்தல் வேண்டும். நீரை மிதமிஞ்சித் தூய்மையாக்குவோரும் ஏமாறுவர். நைத்திரேற்று சிறிதும் இல்லையெனில் அல்காக்களுக்கு உரமில்லை. மீன்கள் சில உலவும், பல மாதங்கள் பழகிய தொட்டியே மட்டிக்கு ஏற்றது.

குரோசியாவும் மக்சிமாவும் கல்லிற் பற்றி வாழ்வன. தெராசாவை மணலில் வைக்கலாம். கல்லைப் பற்றும் நூற்கற்றையை ஒருபோதும் இழுத்துப் பறித்தலாகாது. இழுத்தால் உள்ளுறுப்புக் கிழிந்து மட்டி இறந்துவிடும். கூரிய சவர அலகினால் கல்லோடு ஒட்ட வெட்டி எடுத்தல் வேண்டும்.

பகைவர் பலர். அரிசிமணியளவான வெண்ணத்தைகள் பகலில் மறைந்திருந்து, இரவில் ஓட்டின் விளிம்பேறி மட்டியின் உடற்சாற்றை உறிஞ்சும். இரவில் மின்சூள் கொண்டு பார்த்துப் பொறுக்குவதோடு, ஓட்டில் ஒட்டிய முட்டைகளையும் தூரிகையால் தேய்த்து நீக்குக. வண்ணாத்தி மீன்கள் மென்மூடியைக் கொறிக்கும். மீன்நோய்க்கு இடும் செப்பு மருந்து மட்டிக்கு நஞ்சு. அதனை இத்தொட்டியில் இடவே கூடாது.

வாங்கும்போது தொட்டிமேற் கையை நிழலாக வீசிப் பாருங்கள். நலமுள்ளது உடனே சுருங்கும். வாய் அகலப் பிளந்து அசையாது கிடப்பதை விட்டுவிடுங்கள். ஓட்டின் விளிம்பில் வெண்மையான புதுவளர்ச்சி தெரிந்தால் நற்குறி.

எங்கிருந்து வந்ததென்றும் கேளுங்கள். இறைச்சிக்கும் ஓட்டுக்குமாக அள்ளப்பட்டதால் பெரிய இனம் பல தீவுகளிலிருந்து அற்றுப்போயிற்று. 1985 முதல் இக்குலம் முழுவதும் சைட்டிஸ் சர்வதேச உடன்படிக்கையின் காவலிலுள்ளது. 1979 முதல் இலங்கையும் அதில் அங்கத்துவ நாடு. அனுமதிப் பத்திரமின்றி எல்லை கடந்த மட்டி களவுப்பொருளே. பலாவு முதலிய தீவுகளில் முட்டையிலிருந்து வளர்த்த பண்ணை மட்டிகள் கிடைப்பதால், காட்டுமட்டியை நாடவேண்டிய அவசியமில்லை. பண்ணைத் தெராசா விரைந்து வளர்வது. ஒன்றரை அடியையும் எட்டும். இரண்டடித் தொட்டி வைத்திருப்பவர் மக்சிமாவோடு நிற்பதே புத்தி.