அடிக்குறிப்பில் தொடங்கும் தேடல்

சட்டம் உருவாகும் வழி – 6

நிறைவேறி அச்சேறிவிட்ட ஒரு சட்டம், எது செல்லும் எது செல்லாது என்பதைச் சொல்லுமே தவிர, அந்த முடிவுக்கு அவை எப்படி வந்தது, எந்த வாசகம் எந்தக் கட்டத்தில் மாறியது, யார் எதை ஆட்சேபித்தார்கள் என்பவற்றைச் சொல்வதில்லை. இந்தக் கேள்விகளுக்கு விடை தரும் பதிவுகள், அதாவது சட்டமுன்வடிவு, அதனுடன் வெளியான விளக்கவுரை, குழு அறிக்கை, அவை விவாதம், துறைக் கோப்பு, ஒப்புதல் தொடர்பான கடிதப் போக்குவரத்து ஆகியவை சேர்ந்ததே ஒரு சட்டத்தின் இயற்றல் வரலாறு எனப்படுகிறது. நாடாளுமன்றச் சட்டங்களுக்கு இவ்வரலாற்றைத் தேடுவது ஓரளவு எளிது. மாநிலச் சட்டங்களுக்கோ பதிவுகள் பல இடங்களில் சிதறிக் கிடப்பதோடு, மாநிலத்தின் பெயரே இடையில் மாறியிருப்பதால் தேடுபவர் முதல் அடியிலேயே தடுமாற நேர்கிறது.

இத்தேடல் நடைபெறும் விதத்தைக் காட்டுவதற்குச் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பளித்த 1967-ஆம் ஆண்டின் இந்துத் திருமண (சென்னைத் திருத்தச்) சட்டத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. புரோகிதரும் சடங்கும் இன்றி, உற்றார் நண்பர் முன்னிலையில் நடைபெற்ற இத்திருமணங்கள் 1920-களின் இறுதியிலிருந்து தமிழகத்தில் பரவி வந்தன என்றாலும், தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1953-இல் வழங்கிய தீர்ப்பு, அத்தகைய திருமணம் இந்துச் சட்டம் கோரும் சடங்குகளையும் நிறைவு செய்யவில்லை, நீண்டகால வழக்காறாகவும் ஆகிவிடவில்லை என்ற காரணத்தால் செல்லாது என்றது. அடுத்து வந்த 1955-ஆம் ஆண்டின் மத்திய இந்துத் திருமணச் சட்டமும், அதன் 7-ஆவது பிரிவில், மணமக்களில் ஒருவரின் வழக்காற்றுச் சடங்குகளின்படியே திருமணம் நடைபெறலாம் என்று கூறி நின்றதால், வழக்காற்றை மறுப்பதையே நோக்கமாகக் கொண்ட ஒரு திருமண முறை அச்சட்டத்துக்குள் இடம்பெற வழியில்லாமல் போயிற்று. 1967 மார்ச்சில் பொறுப்பேற்ற அண்ணாதுரை அரசு, அந்த 7-ஆவது பிரிவை அடுத்து 7-அ என்னும் புதிய பிரிவைச் சேர்த்து, ஏற்கெனவே நடந்து முடிந்த திருமணங்களுக்கும் பின்னோக்கிச் செல்லும் வகையில் இச்சிக்கலைத் தீர்த்தது.

தேடலைத் தொடங்க வேண்டிய இடம் சட்டத்தின் இறுதிப் பாடமே. வரலாறு முன்னோக்கி நடந்தாலும் ஆய்வு பின்னோக்கித்தான் செல்ல முடியும். மத்திய இந்துத் திருமணச் சட்டத்தின் எந்தப் பதிப்பை எடுத்தாலும், 7-ஆவது பிரிவுக்குக் கீழே ‘மாநிலத் திருத்தம்’ என்ற தலைப்பில் சிறிய எழுத்தில் 7-அ பிரிவும், அதன் இறுதியில் ‘1967-ஆம் ஆண்டின் 21-ஆவது சட்டம்’ என்ற குறிப்பும், 20-1-1968 என்ற நடைமுறைத் தேதியும் இருக்கும். இந்த ஒற்றை வரியிலேயே தேடலுக்குத் தேவையான முதல் எச்சரிக்கை அடங்கியிருக்கிறது: சட்டத்தின் எண் 1967-ஐச் சேர்ந்தது, ஆனால் அது நடைமுறைக்கு வந்ததோ 1968-இல் என்பதால், 1967-ஆம் ஆண்டின் அரசிதழ்த் தொகுதிகளை மட்டும் புரட்டுபவருக்குச் சட்டமுன்வடிவு அகப்படும், சட்டம் அகப்படாது. பெயரிலும் இதே இடர் உண்டு. சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் மாறியது 1969 ஜனவரி 14-இல். அதன்பின் பழைய சட்டங்களின் தலைப்பில் இருந்த ‘சென்னை’ என்ற சொல் ‘தமிழ்நாடு’ என்று மாற்றியமைக்கப்பட்டது. எனவே இன்றைய பதிப்பில் தமிழ்நாட்டுச் சட்டமாக இருப்பதை அக்காலத்துப் பதிவுகளில் சென்னைச் சட்டமாகத் தேட வேண்டும். இன்றைய தமிழ்நாடு அரசிதழையும் அன்றைய பெயரான ‘புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழ்’ என்ற தலைப்பின் கீழேயே நூலகங்களில் கேட்டுப் பெற வேண்டும்.

பழைய சென்னைச் சட்டங்கள் பலவற்றின் முதல் பக்க அடியில், நோக்கக் காரண விளக்கவுரையை எந்தத் தேதியிட்ட அரசிதழில் எந்தப் பக்கத்தில் காணலாம் என்று ஓர் அடிக்குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலானோர் பார்வையில் படாமலேயே கடந்து போகும் அக்குறிப்பு, ஆய்வாளருக்கு அரை நாள் உழைப்பை மிச்சப்படுத்தும். நோக்கக் காரண விளக்கவுரை என்பது சட்டமுன்வடிவு அரசிதழில் வெளியாகும்போது அதன் இறுதியில், பொறுப்பு அமைச்சரின் பெயரோடு, இச்சட்டம் ஏன் கொண்டுவரப்படுகிறது என்று சில பத்திகளில் விளக்கும் குறிப்பாகும். அவை நிறைவேற்றுவது சட்டத்தின் பிரிவுகளைத்தானே அன்றி விளக்கவுரையை அன்று என்பதால், சட்டம் வெளியாகும்போது அது உதிர்ந்துவிடுகிறது. பயனுள்ள ஆவணம்தான், ஆயினும் அது ஒரு கட்சிக்காரரின் வாதம் என்பதை மறந்துவிடலாகாது. அரசு தனக்கு உகந்த காரணத்தை அதில் சொல்லும். சொல்ல விரும்பாததை விட்டுவிடும். விளக்கவுரையை மட்டும் எடுத்துக்காட்டிவிட்டு அதுவே சட்டத்தின் வரலாறு என்று முடித்துக்கொள்ளும் ஆய்வேடுகள், நூலகத்தின் வாசலோடு திரும்பிவிட்டவை.

அரசிதழில் சட்டமுன்வடிவைக் கண்டவுடன் குறித்துக்கொள்ள வேண்டியது அதன் எண். சட்டமுன்வடிவுக்கு அவை தரும் எண்ணும், ஒப்புதலுக்குப் பின் சட்டம் பெறும் எண்ணும் வேறுவேறு. விவாதத் தொகுதிகளின் பொருளடைவில் முதலாவதே இருக்கும். அத்தொகுதிகள் அவை கூடிய நாள் வாரியாக அச்சிடப்பட்டவை என்பதால், ஒரே சட்டமுன்வடிவு குறைந்தது இரண்டு இடங்களில் தலைகாட்டும்: அறிமுகம் செய்யப்பட்ட நாளில் ஓரிரு வரிகளாகவும், ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட நாளில் விரிவான விவாதமாகவும். தெரிவுக் குழுவுக்கு, அதாவது பிரிவுகளை வரிவரியாக ஆராய்ந்து அறிக்கை தருவதற்கென அமைக்கப்படும் உறுப்பினர் குழுவுக்கு, அனுப்பப்பட்டிருந்தால் மூன்றாவது இடமும் உண்டு. 1986 நவம்பர் 1-இல் மேலவை கலைக்கப்படும் வரை சென்னையில் ஈரவைகள் இருந்தமையால், அதற்கு முற்பட்ட எந்தச் சட்டத்துக்கும் பேரவை விவாதத்தோடு மேலவை விவாதத்தையும் படித்தாக வேண்டும். 1967-ஆம் ஆண்டைப் பொறுத்தவரை இது வெறும் நிறைவுக்காகச் செய்யும் வேலை அன்று. அப்போதைய முதலமைச்சர் அண்ணாதுரையே மேலவையின் உறுப்பினர். அமைச்சர் எந்த அவையின் உறுப்பினராயினும் இரு அவைகளிலும் பேசலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 177-ஆவது கூறு அனுமதிப்பதால், ஒருவரது பேச்சை அவர் உறுப்பினராக இருந்த அவையின் தொகுதியில் மட்டும் தேடி நிறுத்திக்கொள்வதும் தவறாகும்.

விவாதப் பக்கங்களில் ஆய்வாளர் தங்கி நிற்க வேண்டிய இடம் உணர்ச்சிமிக்க உரைகள் அல்ல, அவற்றுக்குப் பின் வரும் வறண்ட பகுதி. ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாக அவையின் முன் வைக்கப்பட்டு, திருத்தங்கள் முன்மொழியப்பட்டு, ஏற்கப்பட்டோ கைவிடப்பட்டோ போவது அங்கேதான். 7-அ பிரிவின் வாசகத்தையே பார்க்கலாம். மணமக்கள் தமக்குப் புரியும் ஏதேனும் ஒரு மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாக அறிவித்தல், அல்லது மாலை மாற்றிக்கொள்ளுதல் அல்லது விரலில் மோதிரம் அணிவித்தல், அல்லது தாலி கட்டுதல் என்பனவற்றுள் எதனாலும் திருமணம் முறைப்படி நிறைவேறும் என்கிறது அது; ‘சுயமரியாதைத் திருமணம்’, ‘சீர்திருத்தத் திருமணம்’ என்ற தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலச் சட்டப் பாடத்துக்குள் அப்படியே எழுத்துப்பெயர்ப்பாக இடம்பெற்றிருப்பதும் இங்கேதான். முதல் வரைவில் இச்செயல்கள் ‘மற்றும்’ என்று இணைக்கப்பட்டிருந்தன என்றும், அவ்வாறே நிறைவேறியிருந்தால் தாலி கட்டுவது கட்டாயமாகியிருக்கும் என்றும், அது சுட்டிக்காட்டப்பட்ட பின்னரே ‘அல்லது’ என்று மாற்றப்பட்டது என்றும் திராவிட இயக்க மேடைகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. தாலியை அடிமைச் சின்னமாகக் கருதிய இயக்கத்தின் திருமணத்துக்குத் தாலியை நிபந்தனையாக்கும் சட்டம் என்றால், அந்த இணைப்புச் சொல் ஒன்றே சட்டத்தின் நோக்கத்தைக் கவிழ்த்திருக்கும். இத்தகைய செவிவழிச் செய்தியை ஆய்வாளர் நம்பவும் வேண்டியதில்லை, தள்ளவும் வேண்டியதில்லை. சோதிக்கும் வழி அவர் கையிலேயே இருக்கிறது. அரசிதழில் வெளியான சட்டமுன்வடிவையும் நிறைவேறிய சட்டத்தையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட வேண்டும். வேறுபாடு இருந்தால் அது அவையில் நேர்ந்தது, திருத்தத்தை முன்மொழிந்தவரின் பெயர் விவாதத்தில் இருக்கும். வேறுபாடு இல்லையெனில், மாற்றம் அவைக்கு வருமுன் வரைவு நிலையிலேயே நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதால், தேடல் விவாதத் தொகுதியை விட்டுத் துறைக் கோப்புக்குப் போக வேண்டும்.

துறைக் கோப்பு என்பது பொருளுக்கு உரிய துறையும், வரைவை எழுதும் சட்டத் துறையும் தமக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகளின் அடுக்கு. சட்டத்தின் உண்மையான பிறப்பிடம் பெரும்பாலும் அதுவே என்பதோடு, அவையில் ஒரு வார்த்தையும் பேசாத அலுவலரின் கையெழுத்துக் குறிப்பு பல உரைகளைவிட அதிகம் சொல்லிவிடுவதும் உண்டு. பழைய கோப்புகளும் அரசாணைகளும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன; அங்கே கோப்பைக் கேட்பதற்கு ஆண்டு, துறை, அரசாணை எண் ஆகிய மூன்றும் தெரிந்திருந்தால் வேலை விரைவாக முடியும். அண்மைக்காலச் சட்டங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணையாகும்: அமைச்சரவைக் குறிப்புகள் பொதுவாக விலக்கு பெற்றவை என்றாலும், முடிவு எடுக்கப்பட்டு அப்பொருள் முற்றுப்பெற்ற பின் அம்முடிவையும் அதற்கான காரணங்களையும் வெளியிட வேண்டும் என்று அதன் 8-ஆவது பிரிவே சொல்கிறது. அக்கால நாளேடுகளையும் ஒதுக்கிவிடலாகாது. அவைக் குறிப்பில் ‘குறுக்கீடு’ என்று மட்டும் பதிவான இடத்தில் நடந்தது என்ன என்பதை மறுநாள் செய்தித்தாள்தான் சொல்லும்.

நிறைவேறாமல் போன முயற்சிகளும் வரலாற்றின் பகுதியே. பேரவையில் நிலுவையில் உள்ள சட்டமுன்வடிவு, அவை கலைக்கப்படும்போது காலாவதியாகிவிடும் என்று 196-ஆவது கூறு கூறுவதால், ஒரு சட்டத்தின் முன்னோடிகள் முந்தைய பேரவைகளின் தனிநபர் சட்டமுன்வடிவுகளாக மறைந்து கிடக்கக்கூடும்.

இவ்வாறு திரட்டியவற்றை நீதிமன்றம் எவ்வளவு தூரம் ஏற்கும் என்பது வேறு கேள்வி. உச்ச நீதிமன்றம் தன் தொடக்க ஆண்டுகளில் கண்டிப்பாக இருந்தது. சட்டத்தின் பொருளை அதன் சொற்களிலேயே காண வேண்டும், உறுப்பினர் பேச்சில் அன்று என்று 1952-இன் தீர்ப்புகள் கூறின. பின்னர் இந்தக் கண்டிப்பு தளர்ந்தது: 1981-இல் கே.பி. வர்கீஸ் வழக்கில், சட்டமுன்வடிவை முன்மொழிந்த அமைச்சரின் உரையை, எந்தக் குறையை நீக்கச் சட்டம் வந்தது என்பதை அறியப் பார்க்கலாம் என்று கூறப்பட்டது. ஆகவே அமைச்சரின் உரைக்கு ஓரளவு எடை உண்டு. எதிர்க்கட்சி உறுப்பினரின் உரைக்கு, அது எவ்வளவு கூர்மையானதாயினும், அந்த எடை கிடைப்பதில்லை. சட்டத்தின் பிற்கால வாழ்வு அதை இயற்றியவர்களின் காரணத்தோடு நிற்பதும் இல்லை. திருமணங்களைக் காப்பதற்கென வந்த 7-அ பிரிவை, 2001-இல் நாகலிங்கம் எதிர் சிவகாமி வழக்கில், ஏழடி எடுத்து வைக்கும் சடங்கு நடக்காததால் தன் இரண்டாவது திருமணம் திருமணமே அன்று என வாதிட்ட கணவரின் வாதத்தை மறுத்து, இருதார மணக் குற்றத்தை உறுதிசெய்ய உச்ச நீதிமன்றம் கையாண்டது.

ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்காத ஓர் ஆவணம் எஞ்சியிருக்கிறது. திருமணம் ஒத்திசைவுப் பட்டியலில், அதாவது மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டமியற்றக்கூடிய பொருள்களின் பட்டியலில் இருப்பதால், மத்தியச் சட்டத்துக்கு முரணான மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றால் மட்டுமே அம்மாநிலத்தில் நிலைக்கும் என்று 254-ஆவது கூறின் இரண்டாம் உட்பிரிவு விதிக்கிறது. அவ்வொப்புதலைக் கேட்டு மாநில அரசு எழுதும் கடிதம், எந்த மத்தியச் சட்டத்தின் எந்த ஏற்பாட்டிலிருந்து தான் விலக விரும்புகிறது என்பதைச் சொல்ல வேண்டியிருப்பதால், முரண்பாட்டைப் பற்றி அரசு தன் வாயாலேயே தரும் வாக்குமூலமாகிவிடுகிறது. கெய்சர்-இ-ஹிந்த் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இல் அளித்த தீர்ப்புக்குப் பின் இக்கடிதத்தின் மதிப்பு இன்னும் உயர்ந்தது. எந்த மத்தியச் சட்டத்தைக் குறிப்பிட்டு ஒப்புதல் கேட்கப்பட்டதோ அதற்கு எதிராக மட்டுமே அவ்வொப்புதல் மாநிலச் சட்டத்தைக் காக்கும், குறிப்பிடாத சட்டத்துக்கு எதிராகக் காக்காது என்று அத்தீர்ப்பு கூறிவிட்டது. இக்கடிதம் அரசிதழிலும் இராது, அவைத் தொகுதியிலும் இராது. அதைத் தேட வேண்டிய இடங்கள் இரண்டு: மாநிலத்தின் துறைக் கோப்பு, மாநிலச் சட்டமுன்வடிவுகளைப் பிற அமைச்சகங்களின் கருத்துக்கு அனுப்பித் தொகுக்கும் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கோப்பு.

(தொடரும்)