மழை வீதியும் வாகன உறுதிப்பாடும்

சப்பிரகமுவ மாகாணத்தின் இரு மாவட்டங்களான இரத்தினபுரியும் கேகாலையும் மழைவளம் மிக்கவை. எட்டியாந்தோட்டை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளின் தேயிலை, றப்பர்த் தோட்டங்களை ஊடறுத்துச் செல்லும் வீதிகள் பல ஒடுங்கியவை, வளைவுகள் நிறைந்தவை. மழைநாளில் இவ்வளைவுகளிலே வாகனம் வழுக்குவது ஏன், அதனைத் தடுக்க இலத்திரனியல் உறுதிப்பாட்டு முறைமை எவ்வளவுக்கு உதவும் என்பனவற்றை ஈண்டு நோக்குவோம்.

திரும்பும் வாகனத்தை வீதியோடு பிணைத்து வைப்பது சில்லுகளுக்கும் தரைக்கும் இடையிலான உராய்வே. திரும்புவதற்கு வேண்டிய பக்கவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமானது. 30 மீற்றர் ஆரையுடைய, பக்கச் சரிவற்ற வளைவொன்றை மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்திற் கடக்க ஏறத்தாழ 0.34 உராய்வுக் குணகம் போதும். வேகம் 54 கிலோமீற்றர் ஆகுமிடத்து 0.76 வேண்டும். நனைந்து சேறு படிந்த வீதியிலே அத்துணை உராய்வு கிட்டாது. அப்போது முன்சில்லுகள் பிடியிழப்பின், வாகனம் திரும்பாது வளைவின் வெளிப்புறம் நோக்கிச் செல்லும். பின்சில்லுகள் பிடியிழப்பின், பின்புறம் வீசுண்டு வாகனம் சுழலும்.

ஜேர்மனியின் பொஷ், மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனங்கள் இணைந்து ஆக்கிய உறுதிப்பாட்டு முறைமை 1995இல் வீதிக்கு வந்தது. செலுத்துசில்லு திருப்பப்பட்ட கோணம், ஒவ்வொரு சில்லின் வேகம், வாகனம் சுழலும் வீதம், பக்கவாட்டு ஆர்முடுகல் ஆகியவற்றை உணரிகள் இடையறாது அளக்கின்றன. ஓட்டுநர் கருதிய திசையும் வாகனம் செல்லும் திசையும் மாறுபடின், கணினி தானாகவே ஒரு சில்லுக்கு மாத்திரம் தடுப்பை இடுகின்றது. வெளிப்புறம் விலகும் வாகனத்துக்கு உட்புறப் பின்சில்லும், சுழல முற்படும் வாகனத்துக்கு வெளிப்புற முன்சில்லும் பெரும்பாலும் தடுக்கப்படும். இயந்திரத்தின் வலுவும் குறைக்கப்படும். ஓட்டுநர் ஒரே மிதியால் எல்லாச் சில்லுகளையும் ஒருங்கே தடுக்கலாமேயன்றி, இவ்வாறு தனித்தனியே தடுத்தல் இயலாது.

இதன் பயன் உணரப்பட்டமையால், ஐக்கிய அமெரிக்கா 2012ஆம் ஆண்டு மாதிரிகள் முதலாகவும், ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பர் முதலாகவும் புதிய கார்களுக்கு இதனைக் கட்டாயமாக்கின.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. இம்முறைமை இருக்கும் உராய்வைப் பகிர்ந்து பயன்படுத்துமேயன்றிப் புதிதாய் உராய்வை உண்டாக்காது. மேற்கூறிய வளைவிலே 54 கிலோமீற்றர் வேகத்தில் நுழைந்த வாகனத்துக்கு வேண்டிய பிடியை எக்கணினியும் வழங்கவியலாது. தேய்ந்த ரயர்களின் குறையையும் அது நிறைவு செய்யாது. மேலும், தோட்டப்புறங்களிலே தொழிலாளரையும் மாணவரையும் ஏற்றிச் செல்லும் முச்சக்கர வண்டிகளிலும் பழைய லொறிகளிலும் இவ்வசதி இல்லை. அவற்றிற் செல்வோரின் உயிர்க்காப்பு, வளைவை அணுகுமுன் வேகத்தைத் தணிக்கும் ஓட்டுநரின் கையிலும், ரயர்களையும் தடுப்பையும் பேணும் உரிமையாளரின் பொறுப்பிலும், நீர் தேங்காது வீதியைப் பராமரிப்போரின் கடமையிலுமே தங்கியுள்ளது எனலாம்.