மண்ணின் குறைக்கு ஆளைத் திட்டலாமா?



பெரட்டுக் களத்தில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பக்கத்துக் காட்டுக்காரன் இத்தனை குலை வெட்டுறான், ஒனக்கு மட்டும் ஏன் வரல?" கேட்பவர் தண்டல். தலைகுனிந்து நிற்பவர் நம்மவர். அந்தக் காட்டில் என்ன மண் கிடக்கிறது என்று இருவருமே கேட்பதில்லை. இந்த வாரம் நாம் அதைக் கேட்டுப் பார்ப்போம்.

சிலாங்கூரின் தென்கரையில் இருக்கும் கோலலங்காட் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். பந்திங், மோரிப், ஜுக்ரா, கேரித் தீவு எல்லாம் இதில் அடக்கம். சிறிய மாவட்டந்தான். ஆனாலும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி போவதற்குள் மண் பலமுறை மாறிவிடுகிறது.

கடல் கொடுத்த களிமண்

கரையோரம் கிடப்பது சாம்பல் நிறக் களிமண். கடலும் லங்காட் ஆறும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்தது. இதில் நல்ல ரகத்துக்கு மண் ஆய்வாளர்கள் 'சிலாங்கூர் வகை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பொட்டாசியமும் மெக்னீசியமும் இயற்கையாகவே உள்ள மண் இது. செம்பனைக்கு நாட்டிலேயே மிகச் சிறந்த மண்களில் ஒன்று. தென்னையும் காப்பியும் இதில் நன்றாக வந்தன. 1970, 80-களில் தென்னை நிழலில் கொக்கோ போட்டவர்களும் உண்டு.

ஆனால் இந்தச் செழிப்பு சும்மா வந்ததல்ல. தாழ்ந்த நிலம். கடல் ஏறினால் உப்புநீர் உள்ளே வந்துவிடும். மண்கரை போட்டு, மதகு வைத்து, கடல் இறங்கும்போது திறந்து, ஏறும்போது மூடி, நீரை ஆண்டால்தான் மரம் நிற்கும். சங்கோல் பிடித்து அந்தக் கால்வாய்களை வெட்டியவர்கள் நம் பாட்டன் பூட்டன்மாரும், ஜாவாக்காரர்களும், சீனர்களுந்தான். இன்றும் மழைக்காலத்தில் அந்தக் களிமண் பூட்ஸைப் பிடித்து இழுக்கும், தள்ளுவண்டி நகராது. குலையும் அதிகம், அதைச் சடக்குக்குக் கொண்டுசேர்க்கும் பாடும் அதிகம்.

கறுப்பு மண்

கரையை விட்டு உள்ளே போனால் காம்புட் மண். சதுப்புக் காட்டில் விழுந்த மரமும் இலையும் தண்ணீரில் ஊறி, முழுதாக மக்காமல் சேர்ந்தது. பிழிந்தால் கறுப்புத் தேநீர் போல் தண்ணீர் வடியும். பார்வைக்குக் கொழுத்த மண், உள்ளே சத்துக் குறைவு. செம்பு, துத்தநாகம் போன்ற நுண்சத்துகள் போதாமல் பயிர் வெளிறும். அன்னாசி, மரவள்ளி, சர்க்கரைவள்ளி ஆகியவை இதைத் தாங்கிக்கொள்ளும்.

நீரை வடித்தால் இந்த மண் அமுங்கிப் போகும். முதல் ஐந்து ஆண்டுகளில் ஒரு மீட்டருக்கு மேல்கூட இறங்கலாம். அதன் பிறகும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டே இருக்கும். வேருக்குப் பிடிமானம் இல்லாமல் செம்பனை சாய்ந்து நிற்பது இதனால்தான். சாய்ந்த மரத்தில் குலை வெட்டுவது என்ன பாடு என்று நம் தோழர்களைக் கேட்டால் தெரியும்! அதிகமாக வடித்துவிட்டால் காய்ந்து தீப்பிடிக்கும். மண்ணுக்குள்ளேயே பல நாள் புகையும். ஆகவே நிலத்தடி நீரை 40 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் நிறுத்திவைக்க வேண்டும் என்கிறார்கள்.

புளிப்பு மண்

எல்லாவற்றிலும் பொல்லாதது இது. பழைய அலையாத்திச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. கால்வாயை ஆழமாக வெட்டிக் காற்றுப் பட்டுவிட்டால் கந்தக அமிலமாக மாறும். தூங்குகிற புலியைத் தட்டி எழுப்பின கதைதான்.

2011-இல் ஆற்றோரத் தோட்டம் ஒன்றுக்கு நாங்கள் போயிருந்தோம். ஒரு காட்டில் மட்டும் குலை குறைவு. அங்கே வெட்டிய நான்கு பேரைச் சோம்பேறிகள் என்று எழுதிவைத்திருந்தார்கள். நாங்கள் அந்தக் காட்டுக்குள் நடந்து பார்த்தோம். கால்வாய் நீர் கண்ணாடி போலத் தெளிவு, ஒரு மீன் இல்லை. ஓரமெல்லாம் துருப் படலம். வெட்டிப் போட்ட மண்ணில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டுகள். லயத்துப் பாட்டி ஒருவர் சொன்னார்: "அது பழைய கெலாம் காடு தம்பி. அங்க வெச்சது எதுவுமே வெளங்கினதில்ல."

அதைப் பேச்சுவார்த்தையில் சொன்னோம். நிர்வாகம் மண்ணைச் சோதித்தது. பாட்டி சொன்னது சரி. கால்வாயில் தடுப்பு வைத்து நீர்மட்டத்தை உயர்த்தினார்கள். ஓராண்டு கழித்தும் குலை பெருகவில்லை. கெட்ட மண் அவ்வளவு சீக்கிரம் தேறாது. ஆனால் அந்த நால்வரைப் பேர் சொல்லித் திட்டுவது நின்றது.

மேட்டு நிலம்

கிழக்கே சிப்பாங் பக்கம் போனால் செம்மண் மேடு. சில இடங்களில் சரளைக்கல். சத்துக் குறைவு, ஆனால் நீர் தேங்காது. பால்மரம் ஏழை மண்ணைப் பொறுத்துக்கொள்ளும், வேரில் தேங்கும் நீரைப் பொறுக்காது. அதனால்தான் மேட்டில் பால்மரமும் தாழ்வில் தென்னையும் என்று முன்னோர் பிரித்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டுப் பின்புறத்து மண்ணை நனைத்துக் கையால் உருட்டிப் பாருங்கள். திரியாக நீண்டால் களிமண். உதிர்ந்தால் மணல். கறுப்புநீர் வடிந்தால் காம்புட். களிமண்ணில் பாத்தியை உயர்த்திக் கத்தரி, வெண்டை போடுங்கள். காம்புட் மண்ணில் சுண்ணாம்பு மாவும் அடுப்புச் சாம்பலும் கலக்காமல் கீரை வராது. ஆனால் அந்த மண்ணின்மேல் குப்பையைக் கொளுத்தாதீர்கள்.

வேலைக்காட்டிலும் அப்படித்தான். பெரிய தோட்டங்களில் மண் வரைபடமும் மண், இலைச் சோதனைக் கணக்கும் ஆபீசில் இருக்கும். இத்தனை குலை வேண்டும் என்று அளவு விதிக்கும்போது, "இந்தக் காட்டு மண் என்ன, கணக்கு என்ன சொல்லுது?" என்று உங்கள் கிளைத் தலைவர் மரியாதையாகவே கேட்கட்டும். எல்லா மண்ணுக்கும் ஒரே அளவு என்பது நியாயமல்ல.

இந்த மண்ணில் ஒரு பிடிகூட நம் பேரில் இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் எங்கே கால் புதையும், எங்கே மரம் சாயும், எங்கே எதுவும் விளங்காது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அந்த அறிவைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவருவோம் தோழர்களே!