மின்சாரத்தைத் தராசில் நிறுத்து விற்ற கதை

மாலையில் கடை விளக்கின் சுவிட்சைப் போட்டதும் ஒரு கணம் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுக் கல்லாவில் உட்காருவது நம்மில் பலருக்கு வழக்கம். அரிக்கேன் விளக்கு ஏற்றிய நம் பெரியவர்களிடமிருந்து வந்த பழக்கம் அது. ஆனால் கரண்ட் பில் கட்டும் நாளில் அந்தக் கும்பிடு மறந்துபோகிறது. "இவ்வளவா எரித்தோம்?" என்று மீட்டரைச் சந்தேகத்தோடு பார்க்காத வியாபாரி நம் சங்கத்தில் ஒருவராவது உண்டா?

பருப்பை நிறுக்கலாம், எண்ணெயை அளக்கலாம், துணியை முழம் போடலாம். கண்ணுக்குத் தெரியாத, கையில் பிடிக்க முடியாத, மூட்டை கட்டிக் குடோனில் போட முடியாத ஒரு சரக்கை முதன்முதலில் எப்படி அளந்து விற்றார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் வியப்பான ஒரு செய்தி கிடைக்கிறது. மின்சாரத்தை முதலில் தராசில் நிறுத்துத்தான் விற்றார்கள்!

உப்புத் தண்ணீரில் பிறந்த மின்சாரம்

தொடர்ந்து ஓடும் மின்சாரத்தை முதலில் உண்டாக்கிக் காட்டியவர் இத்தாலியைச் சேர்ந்த அலெஸாண்ட்ரோ வோல்ட்டா. 1800-ஆம் ஆண்டில் அவர் துத்தநாக வில்லை ஒன்று, வெள்ளி வில்லை ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கி, இடையிடையே உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டையை வைத்தார். அடுக்கின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்ததும் மின்சாரம் ஓடியது. 1866-ல் லெக்லாஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர் துத்தநாகமும் கரியும் கொண்ட மின்கலத்தைச் செய்தார். 1880-களில் ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் அதிலிருந்த திரவத்தைப் பசையாக்கி, துத்தநாகக் குவளைக்குள் அடைத்து, கொட்டிச் சிந்தாத உலர் மின்கலமாக்கினார். நம் கடையில் டஜன் கணக்கில் தொங்கவிட்டு விற்ற டார்ச் லைட் செல் இந்த வம்சத்தில் வந்ததுதான்.

ஆனால் செல்லை வைத்து ஊருக்கு விளக்கேற்ற முடியாது. அதற்கு வழி காட்டியவர் லண்டன் மைக்கேல் ஃபாரடே. கருமானின் மகனாகப் பிறந்தவர். புத்தகக் கடையில் பைண்டிங் வேலை பழகும் பையனாகச் சேர்ந்து, தைக்க வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானம் கற்றவர். கடைப் பையன்களை அலட்சியமாக நினைப்பவர்கள் இவரை நினைத்துக்கொள்ள வேண்டும். 1831-ல் காந்தத்தைக் கம்பிச் சுருளுக்குள் அசைத்தால் மின்சாரம் பிறக்கும் என்று கண்டார் ஃபாரடே. இன்றுவரை அணை நீரிலும் அனல் மின் நிலையத்திலும் சுழலும் இயந்திரங்கள் இந்த விதியின்படியே இயங்குகின்றன.

அவர் 1830-களில் கண்ட இன்னொரு விதிதான் நம் கதைக்கு வேண்டியது. உலோக உப்பு கரைந்த நீரில் இரண்டு தகடுகளை வைத்து மின்சாரம் செலுத்தினால், ஒரு தகட்டிலிருந்து உலோகம் கரைந்து மற்றதில் படியும். எவ்வளவு மின்சாரம் ஓடியதோ அதற்குச் சரியான கணக்கில்தான் உலோகம் படியும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

கண்டுபிடித்தால் போதாது, விற்க வேண்டும்

கண்ணாடிக் குமிழுக்குள் இழையை ஒளிரவைக்கும் மின் விளக்கை இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் என்பவரும், அமெரிக்காவில் தாமஸ் எடிசனும் ஒரே காலத்தில் உருவாக்கினார்கள். ஸ்வான், நியூகாசில் நகரில் மருந்துச் சரக்குக் கடை நடத்திய பங்குதாரர். நம் இனத்தவர் என்றே சொல்லலாம். 1883-ல் இருவரும் இங்கிலாந்தில் வழக்காடிப் பணத்தைக் கரைக்காமல் கூட்டு வியாபாரம் தொடங்கிவிட்டார்கள்.

புதுச் சரக்கு என்றால் வாங்குகிறவனுக்குப் பயம் இருக்கும். கேஸ் விளக்கால் நாடகக் கொட்டகைகள் தீப்பிடித்து எரிந்த காலம் அது. 1881 டிசம்பரில் லண்டன் சவாய் தியேட்டரின் மேடை ஸ்வான் விளக்குகளால் ஒளிர்ந்தபோது, முதலாளி டாய்லி கார்ட் ரசிகர்கள் முன்னால் வந்து நின்றார். எரிந்துகொண்டிருந்த ஒரு விளக்கை மெல்லிய மஸ்லின் துணியால் சுற்றினார், அப்படியே உடைத்தார். விளக்கு அணைந்தது, துணி கருகவில்லை. கொட்டகையே கைதட்டியது. சரக்கைப் பிரித்துக் காட்டி விற்கும் நம் வியாபாரமும் இதுதானே!

எடிசனும் வியாபாரக் கணக்குத் தெரிந்தவர். நியூயார்க்கில் மின் நிலையம் கட்டும் முன்பே தம் ஆட்களை வீடு வீடாக, கடை கடையாக அனுப்பினார். எத்தனை கேஸ் விளக்கு எரிகிறது, எத்தனை மணி நேரம் எரிகிறது, எவ்வளவு செலவாகிறது என்று எழுதி வாங்கினார். கேஸ் விளக்கின் வெளிச்சத்துக்குச் சமமாகப் பதினாறு மெழுகுவர்த்தி ஒளி கொண்ட விளக்கைத் தயாரித்தார். கேஸோடு போட்டி போடக்கூடிய விலையில் வெளிச்சத்தைக் கொடுப்பதே அவர் திட்டம்.

1882 செப்டம்பர் 4-ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்கு நியூயார்க் பேர்ல் தெரு நிலையம் இயங்கத் தொடங்கியது. நிலக்கரியை எரித்து நீராவியால் சுழற்றிய அந்த இயந்திரத்துக்கு, அந்நாளில் புகழ்பெற்றிருந்த ஒரு யானையின் பெயரை வைத்து 'ஜம்போ' என்றார்கள். முதல் நாளில் எரிந்தவை சுமார் 400 விளக்குகள். இரண்டு ஆண்டுகளில் 500 வாடிக்கையாளர்களும் 10,000 விளக்குகளும் ஆயின. முதல் மாதங்களில் காசு வாங்கவில்லை. 1883 ஜனவரியில் ஒரு பித்தளை, செம்பு வியாபாரக் கம்பெனிக்குப் போட்ட 50 டாலர் 44 சென்ட்தான் முதல் பில் என்பார்கள்.

தராசு வந்த விதம்

அந்தப் பில்லை எப்படிப் போட்டார்கள்? ஃபாரடேயின் விதியை எடிசன் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு பெட்டி; அதில் துத்தநாக உப்புக் கரைசல் நிரம்பிய கண்ணாடிச் சாடி; அதற்குள் இரண்டு துத்தநாகத் தகடுகள். கட்டடத்துக்குப் போகும் மின்சாரத்தில் மிகச் சிறிய பங்கு மட்டும் சாடி வழியாக ஓடும். மாதக் கடைசியில் கம்பெனி ஆள் வந்து தகடுகளை எடுத்துப் போவார். துல்லியமான தராசில் நிறுப்பார்கள். எத்தனை எடை மாறியதோ அதைப் பெருக்கிப் பில் போடுவார்கள். குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடாதபடி பெட்டிக்குள் தானாக எரியும் ஒரு விளக்கும் இருந்தது.

கணக்கு சரிதான். ஆனால் வியாபாரிக்கு ஒரு குறை உடனே தெரியும். தராசு விற்கிறவர் வீட்டில் இருக்கிறது! வாங்குகிறவர் முள்ளைப் பார்க்க முடியாது. தகட்டைக் கையில் கொடுத்தாலும் அவருக்கு ஒன்றும் விளங்காது. சொன்ன தொகையைக் கட்ட வேண்டியதுதான்.

எடிசனுக்கு முதல் போட்ட பெரும் தனவந்தர் ஜே. பி. மார்கனுக்கே சந்தேகம் வந்ததாம். எடிசனின் வாழ்க்கை வரலாற்றில் இது சொல்லப்படுகிறது. தம் அலுவலகத்தின் விளக்குக் கொத்து ஒவ்வொன்றிலும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார் மார்கன். எத்தனை விளக்கு, எப்போது போட்டது, எப்போது அணைத்தது என்று ஊழியர்கள் அதில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் குமாஸ்தா கூட்டிப் பார்த்தார். அட்டைக் கணக்கைவிடப் பில் அதிகம்! மார்கனுக்குச் சந்தோஷம், பிடித்துவிட்டோம் என்று. இன்னொரு மாதம் பார்ப்போம் என்றார் எடிசன். அப்போதும் பில் அதிகம்.

எடிசன் நேரில் போனார். அட்டைகளைப் பார்த்தார். "இரவில் இங்கே கூட்டிப் பெருக்குவது யார்?" என்று கேட்டார். காவல்காரரை அழைத்து வந்தார்கள். "எந்த விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறாய்?" நடுக்கூடத்தில் இருந்த பத்து விளக்குக் கொத்தைக் காட்டினார் அவர். அதைப் பற்றி யாரும் அட்டையில் எழுதவில்லை. அடுத்த மாதம் அவருக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். பில்லுக்கும் அட்டைக்கும் வித்தியாசம் சில சென்ட்தான்!

இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நம் மண்டியில் துவரம்பருப்பு மாதா மாதம் சில கிலோ குறைந்துகொண்டே வந்தது. அனுப்பிய இடத்தில் எடை மோசம் என்று முடிவு கட்டி, நெடுநாள் பழக்கமுள்ள தரகரிடம் வாய்ச்சண்டையே போட்டுவிட்டோம். கடைசியில் பார்த்தால், வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் குத்தூசி போட்டு மாதிரி எடுத்துக் காட்டிய பருப்பை நாம்தான் எழுதவில்லை. கைப்பிடி கைப்பிடியாகப் போனது கிலோவாகச் சேர்ந்திருக்கிறது. தரகரிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. அளந்ததை எழுதி வை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிடிவாதத்தின் விலை

எடிசன் விற்றது ஒரே திசையில் ஓடும் நேர் மின்சாரம். குறைந்த அழுத்தத்தில் அனுப்பியதால் தடித்த செம்புக் கம்பி வேண்டும். ஒரு மைலுக்கு மேல் அனுப்பினால் கட்டுப்படியாகாது. முன்னும் பின்னும் மாறி ஓடும் மாறு மின்சாரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து அழுத்தத்தைக் கூட்டி மெல்லிய கம்பியில் தொலைதூரம் அனுப்பி, ஊர் வந்ததும் குறைத்துக்கொள்ளலாம். 1886 மார்ச்சில் வில்லியம் ஸ்டான்லி அமெரிக்காவின் கிரேட் பேரிங்டன் என்னும் சிற்றூரின் கடைவீதியில் இதைச் செய்து காட்டினார். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அதற்கு முதல் போட்டார். நிக்கோலா டெஸ்லாவின் மோட்டார் உரிமைகளையும் 1888-ல் வாங்கினார்.

எடிசனோ மாறு மின்சாரம் ஆளைக் கொல்லும் என்று பிரசாரம் செய்தாரே தவிர, சரக்கை மாற்றவில்லை. 1892-ல் அவர் கம்பெனி இன்னொன்றோடு இணைந்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆனபோது பெயர்ப்பலகையிலிருந்து எடிசன் என்ற பெயரே போய்விட்டது. நியூயார்க்கில் மிச்சமிருந்த நேர் மின் விநியோகம் 2007 நவம்பரில்தான் நிறுத்தப்பட்டது.

மாறு மின்சாரத்தில் துத்தநாகத் தகடு வேலை செய்யாது. படிந்தது அடுத்த கணமே திரும்பிவிடும். வெஸ்டிங்ஹவுஸின் பொறியாளர் ஆலிவர் ஷேலன்பெர்கர் 1888-ல் ஒரு விளக்கைச் சோதித்தபோது, கழன்று விழுந்த சிறு ஸ்பிரிங் ஒன்று தானாகச் சுழல்வதைக் கண்டார். அதிலிருந்து சக்கரம் சுழன்று எண் காட்டும் மீட்டரைச் செய்தார். நம் கடைச் சுவரில் நெடுங்காலம் சுழன்ற அலுமினியத் தட்டு மீட்டர் இந்த வழியில் வந்ததே. தராசு, வாங்குகிறவர் வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டது. முள்ளை அவரே பார்க்கலாம். நாம் சொல்லும் 'யூனிட்' என்பதும் பிரிட்டனில் 'போர்டு ஆஃப் டிரேடு யூனிட்' என்று வணிக வாரியத்தின் பெயரால் வழங்கிய அளவுதான். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்.

இஸ்திரிப் பெட்டி சொன்ன பாடம்

ராத்திரி விளக்குக்கு மட்டும் ஓடிய இயந்திரம் பகலில் சும்மா கிடந்தது. மின்விசிறியும் இஸ்திரிப் பெட்டியும் 1882-லேயே அமெரிக்காவில் வந்துவிட்டாலும், பகலில் மின்சாரம் கொடுக்காத ஊரில் அவற்றை யார் வாங்குவார்? கலிஃபோர்னியாவில் ஒன்டாரியோ என்னும் ஊரில் மின் நிலையப் பணியில் இருந்த எர்ல் ரிச்சர்ட்சன், 1900-களின் தொடக்கத்தில் இஸ்திரிப் பெட்டிகளைச் செய்து வீட்டுப் பெண்களிடம் கொடுத்தார். அங்கே துணி தேய்ப்பது செவ்வாய்க்கிழமை. அன்று மட்டும் பகலிலும் மின்சாரம் கொடுக்கச் செய்தார். பெட்டியின் நடுவில் சூடு அதிகம், முனையில் போதவில்லை என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். முனை சூடாகும்படி மாற்றினார். 'ஹாட் பாயிண்ட்' என்ற பெயரிலேயே அது விற்றது. வாடிக்கையாளர் குறை சொன்னால் முகம் சுளிக்காதவருக்குக் கிடைத்த லாபம் அது.

இன்று நம் கடைகளில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. உரிய காலத்தில் முத்திரை வைத்துக்கொள்கிறோம், நல்லது. ஆனால் எண் தெரியும் பக்கம் நம்மைப் பார்த்து மட்டும் இருந்தால், நாமும் அந்தத் துத்தநாகத் தகட்டுக் காலத்தில்தான் இருக்கிறோம். எடை சரியாக இருந்தால் போதாது. சரியாக இருப்பது வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நாளைக் காலை கடை திறந்ததும் தராசைச் சற்றே திருப்பி, வாடிக்கையாளர் பக்கமும் எண் தெரிகிறதா என்று பார்ப்போம்.