ஈதர்நெட்டில் ஓடும் இயந்திரங்கள்

நாளிதழ் அச்சகத்தில் காகிதச் சுருள் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடும்போது நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் விழ வேண்டும். முன்பு எல்லா உருளைகளையும் ஒரே நீண்ட இரும்புத் தண்டு சுழற்றியது. இப்போது உருளைகளுக்குத் தனித்தனி மோட்டார்கள். அவற்றை ஒத்திசைய வைப்பது வலைப்பின்னல் கேபிள். ஒரு மோட்டாரின் கடிகாரம் 1 மில்லிநொடி பிசகினாலும் அதன் நிறம் 1 சென்டிமீட்டர் தள்ளிப் பதியும்.

அலுவலகக் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட்டை இந்த வேலைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1973இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் போக்ஸ் ஆகியோர் உருவாக்கிய அந்த முறையில் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே கேபிள்தான். இரண்டு செய்திகள் மோதினால், அனுப்பிய கணினிகள் ஆளுக்கொரு சிறுபொழுது காத்திருந்து மறுபடி அனுப்பும். அந்தப் பொழுதின் நீளம் குலுக்கல் போல அமையும். பின்னால் வந்த சுவிட்சுகள் மோதலை ஒழித்தன. ஆனால் நெரிசலான நேரத்தில் செய்தி அங்கே வரிசையில் நிற்கிறது. மின்னஞ்சல் சற்றுத் தாமதித்தால் யாருக்கும் நட்டமில்லை. மோட்டாருக்கான கட்டளையோ குறித்த கணத்தில் போய்ச் சேர வேண்டும்.

இதற்குப் பிறந்த தீர்வுகளில் ஒன்று, ஜெர்மனியின் பெக்காஃப் நிறுவனம் 2003இல் அறிமுகப்படுத்திய ஈதர்கேட். இதில் கட்டுப்பாட்டுக் கணினி மட்டுமே செய்தியைத் தொடங்கும். போட்டிக்கு வேறு யாருமில்லை. ஒரே செய்தி எல்லாக் கருவிகள் வழியாகவும் செல்லும். ஒவ்வொரு கருவியின் சில்லும் அதை நிறுத்தி வைக்காமல், கடந்துபோகும்போதே தனக்குரிய கட்டளையை எடுத்துக்கொண்டு தன் பதிலை அதிலேயே எழுதிவிடும். கடைசிக் கருவியைத் தொட்டதும் செய்தி திரும்பி வரும். நொடிக்கு 100 மெகாபிட் ஓடும் சாதாரண கேபிளிலேயே 100 மோட்டார்களோடு 100 மைக்ரோநொடியில் பேசி முடிக்கலாம்.

கருவிகளின் கடிகாரங்களும் இப்படியே சீராகின்றன. செய்தி போகும்போதும் திரும்பும்போதும் நேரத்தைக் குறித்து, கேபிளில் ஏற்படும் தாமதத்தைக் கணக்கிட்டு, எல்லாம் முதல் கருவியின் கடிகாரத்தோடு ஒத்துப்போகும். வித்தியாசம் 1 மைக்ரோநொடிக்கும் குறைவு. அதற்குள் காகிதம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட நகராது.

செய்தியில் ஓர் எண்ணியும் உண்டு. தன் பங்கை முடித்த ஒவ்வொரு கருவியும் அதைக் கூட்டிவிடும். திரும்பி வரும் எண் குறைந்திருந்தால், ஏதோ ஒரு கருவி பதில் தரவில்லை என்று கணினிக்கு அந்தச் சுற்றிலேயே தெரிந்துவிடும்.

ஆகவே, தொழிற்சாலைக்கு வலைப்பின்னல் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மிக நெரிசலான வேளையிலும் என் கட்டளை எத்தனை மைக்ரோநொடிக்குள் கட்டாயம் போய்ச் சேரும்?