பாலைவனப் பயணத்திற்குத் தளமாகும் ஜெய்சல்மேர்

இராஜஸ்தான் மாநிலத்தின் மேற்குக் கோடியில், பாகிஸ்தான் எல்லையை ஒட்டி அமைந்தது ஜெய்சல்மேர் மாவட்டம். அதன் பரப்பு 38,401 சதுர கிலோ மீட்டர். கேரள மாநிலம் முழுவதன் பரப்புக்கு ஏறத்தாழச் சமம். ஆயினும், 2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போது இங்கு வாழ்ந்தோர் சுமார் 6.7 லட்சம் பேரே. சதுர கிலோ மீட்டருக்கு 17 பேர் என்னும் இக்குறைந்த அடர்த்திக்கு முதற்காரணம் நீர்ப்பற்றாக்குறை. ஆண்டு முழுவதிலும் பெய்யும் மழை சராசரியாக 200 மில்லி மீட்டருக்கும் குறைவு. அதுவும் பல ஆண்டுகளில் பொய்த்துவிடுகிறது.

மாவட்டத் தலைநகரான ஜெய்சல்மேர், அதே கணக்கெடுப்பின்படி, சுமார் 65,000 மக்களைக் கொண்ட சிறு நகரம். கோடையில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைக் கடக்கும் இந்நகருக்கு, அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பயணிகள் வருகின்றனர். இங்கே தங்கி, காலையில் புறப்பட்டுப் பாலைவனத்தின் ஏதேனும் ஒரு பகுதியைக் கண்டு, இரவுக்குள் திரும்பிவிட முடிவது இந்நகரின் தனிச்சிறப்பு. நீர் அரிதான நாட்டில் ஒரு சிறு நகரம் இத்தகைய தளமாக அமையும்போது, அதன் ஆதாரங்கள் மீது விழும் சுமை எத்தகையது, அச்சுமையைப் பகிர்ந்தளிப்பது எங்ஙனம் என்பன வளர்ச்சித் திட்டம் தீட்டுவோர் ஆராயத்தக்க வினாக்களாகும்.

வணிகப் பாதையில் பிறந்த நகரம்

பாட்டி இராஜபுத்திர மரபைச் சேர்ந்த இராவல் ஜெய்சல் என்னும் மன்னர் 1156ஆம் ஆண்டில் இந்நகரை நிறுவினார். அதற்கு முன்னர் தலைநகராயிருந்த லோதுர்வா 16 கிலோ மீட்டர் தொலைவில் உள்ளது. தாக்குதலுக்கு எளிதில் உட்படக்கூடிய அவ்விடத்தை விடுத்து, திரிகூடம் என்னும் குன்றின் மீது மஞ்சள் நிறக் கல்லால் புதிய கோட்டை எழுப்பப்பட்டது. மாலை வெயிலில் பொன்னிறம் பெறுவதால் அது ‘சோனார் கிலா’, அதாவது பொற்கோட்டை எனப் பெயர் பெற்றது.

சிந்து, குஜராத், தில்லி ஆகியவற்றை இணைத்த ஒட்டகப் பாதைகள் இவ்வழியே சென்றன. வணிகர்களிடம் பெற்ற சுங்கவரி அரசின் வருவாயாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பட்வா மாளிகைகளும், நத்மல் மாளிகையும் கல்லில் செதுக்கிய பலகணிகளுக்குப் புகழ் பெற்றவை. கோட்டைக்குள் உள்ள சமணக் கோயில்களை ஒட்டிய ஞான பண்டாரத்தில் தொன்மையான ஓலைச் சுவடிகள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

கடல் வாணிபம் பெருகி, பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் ஒட்டகப் பாதைகள் சிறப்பிழந்தன. 1947இல் நாடு பிரிவினையுற்றபோது சிந்து வழி அடியோடு அடைபட்டது. வாணிபம் நலிந்து நகர் சுருங்கியது. 1965, 1971 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த போர்கள் எல்லைப்புறத்தின் முக்கியத்துவத்தை உணர்த்தின. சாலைகளும், 1960-களின் பிற்பகுதியில் இருப்புப் பாதையும் வந்தன. பாதுகாப்பின் பொருட்டு அமைந்த இவ்வசதிகளே பின்னர் சுற்றுலாவுக்கும் வழி திறந்தன. சத்யஜித் ராய் 1974இல் வெளியிட்ட ‘சோனார் கெல்லா’ என்னும் வங்கமொழித் திரைப்படம் இக்கோட்டையை நாடறியச் செய்தது. 1982இல் தொடங்கிய ‘பேலஸ் ஆன் வீல்ஸ்’ என்னும் சுற்றுலா ரயிலின் தடத்திலும் இந்நகர் இடம்பெற்றது.

நாற்புறமும் காணத்தக்கவை

நகரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோ மீட்டரில் சம் மணற்குன்றுகளும், தென்மேற்கே ஏறத்தாழ அதே தொலைவில் கூரி என்னும் சிற்றூரின் மணற்குன்றுகளும் உள்ளன. பயணிகளிற் பலர் இவற்றை மட்டும் கண்டு திரும்பிவிடுகின்றனர். ஆனால் தார்ப் பாலைவனம் முழுவதும் மணற்குன்றுகளே என்று எண்ணுவது தவறு. கற்பாங்கான மேட்டு நிலங்களும், சேவண் புல் வளரும் வெளிகளும், உவர் நிலங்களும் இங்கே விரிந்து கிடக்கின்றன.

தென்கிழக்கே சுமார் 17 கிலோ மீட்டரில் ஆகல் என்னுமிடத்தில் ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இன்று புதர்களே வளரும் நிலத்தில் ஜுராசிக் காலத்தில் அடர்ந்த காடு இருந்தமைக்கு அவை சான்று. கிழக்கே சுமார் 110 கிலோ மீட்டரில் உள்ள பொக்ரான், அதன் அருகே 1974, 1998 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த அணுவெடிப்புச் சோதனைகளால் உலகறிந்த பெயராயிற்று. வடமேற்கே, எல்லையை நோக்கிச் செல்லும் வழியில், 1971 டிசம்பரில் இந்தியப் படைப்பிரிவு ஒன்று பாகிஸ்தானின் டாங்கிப் படையை எதிர்த்து நின்ற லோங்கேவாலா உள்ளது. எல்லையை அடுத்த சில பகுதிகளுக்குச் செல்ல முன் அனுமதி தேவை.

மழையைச் சேமித்த அறிவு

இந்நாட்டைப் புரிந்துகொள்ள விரும்பும் மாணவர் காண வேண்டிய முதல் இடம் கோட்டையின் தென்கிழக்கே உள்ள கட்சிசர் ஏரி. பதினான்காம் நூற்றாண்டில் மகாராவல் கட்சி சிங் இதனைச் சீரமைத்தார். சுற்றியுள்ள மேட்டு நிலத்தில் விழும் மழைநீர் வீணாகாது இதனை வந்தடையும். குழாய்நீர் வரும்வரை நகருக்கு இதுவே பெரும் ஆதாரமாக விளங்கியது.

இப்பகுதி மக்கள் நீரை மூவகையாகப் பிரித்தனர். குளத்திலும் தொட்டியிலும் சேரும் மழைநீர் ‘பாலர் பாணி’ எனப்பட்டது. ஆழத்தில் கிடைக்கும், பெரும்பாலும் உவர்ப்பான நிலத்தடி நீர் ‘பாதாள பாணி’. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது ‘ரேஜாணி பாணி’. சில இடங்களில் மணலுக்குக் கீழே ஜிப்சம் படிவம் ஒன்று பரவியுள்ளது. மழைநீர் அதனைத் தாண்டி உவர்நீருடன் கலவாமல் மணலிலேயே ஈரமாகத் தங்குகிறது. அப்படிவத்தை உடைத்துவிடாமல், அதன் மேல்மட்டம் வரை மட்டும் குறுகிய கிணறு தோண்டினால், மணலின் ஈரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து நன்னீராகச் சேரும்.

வேளாண்மைக்கு உதவியது ‘கடீன்’ என்னும் முறை. கற்பாங்கான மேட்டு நிலத்தின் சரிவு முடியுமிடத்தில், தாழ்ந்த நிலத்தின் குறுக்கே நீண்ட மண்கரை எழுப்பப்படும். மழைக் காலத்தில் சரிவிலிருந்து ஓடிவரும் நீர் வண்டலுடன் கரைக்குள் தேங்கும். மிகுதியானது மறுகால் வழியே வெளியேறும். தேங்கிய நீர் மண்ணில் ஊறியபின், குளிர் காலத்தில் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கப்படும். மேற்கொண்டு பாசனம் தேவையில்லை. கரைக்கு அப்பால் கசியும் நீர் அருகிலுள்ள கிணறுகளுக்கு ஊட்டமாகும்.

இம்முறையில் வல்லவர்களான பாலிவால் அந்தணர்கள் வாழ்ந்த ஊர்களுள் ஒன்று குல்தரா. நகருக்கு மேற்கே சுமார் 18 கிலோ மீட்டரில் உள்ள இவ்வூர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது. இதனைப் பேய் வாழும் ஊராகக் காட்டிப் பயணிகளை ஈர்ப்பது வழக்கமாகிவிட்டது. திவானின் கொடுமையால் ஊரே ஓரிரவில் வெளியேறியது என்பது செவிவழிக் கதை. கிணறுகள் வற்றியமை, வரிச்சுமை, நிலநடுக்கம் ஆகியவற்றை ஆய்வாளர்கள் காரணங்களாகக் கூறுகின்றனர். அறிவு மிக்க ஒரு சமுதாயமும் நீரும் நிர்வாகமும் ஒருங்கே கைவிட்டால் நிலைத்திருக்க இயலாது என்பதே குல்தரா புகட்டும் பாடம்.

கோட்டைக்கு நேர்ந்த இடர்

ஜெய்சல்மேர் கோட்டை மக்கள் வாழும் கோட்டை. சில ஆயிரம் பேர் இன்றும் அதன் உள்ளே குடியிருக்கின்றனர். கீழிருந்து குடத்தில் சுமந்து வந்த நீரைச் சிக்கனமாகச் செலவிட்ட காலத்தில், குறுகிய திறந்த வடிகால்களே கழிவுநீரை வெளியேற்றப் போதுமானவையாயிருந்தன. குழாய்நீர் வந்தபின் நிலைமை மாறியது. பல வீடுகள் பயணியர் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின; குளியலறைகள் பெருகின; நீர்ச்செலவு பன்மடங்காயிற்று.

வெளியேற வழியின்றிப் போன நீர் குன்றினுள் கசிந்தது. களிமண்ணும் மென்மையான பாறை அடுக்குகளும் கலந்த அக்குன்று ஈரத்தால் வலுவிழந்தது. மதிற்சுவர்கள் சரிந்தன, சில கொத்தளங்கள் இடிந்தன. 1996இல் உலக நினைவுச்சின்ன நிதியம் இடர்ப்பாட்டிலுள்ள சின்னங்களின் பட்டியலில் இக்கோட்டையைச் சேர்த்தது. தொல்லியல் துறையும் பிற நிறுவனங்களும் மதில்களைப் பழுதுபார்க்கும் பணிகளை மேற்கொண்டன, வடிகால்களும் சீரமைக்கப்பட்டன. 2013இல் இராஜஸ்தானின் மலைக்கோட்டைகள் ஆறனுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இது இடம்பெற்றது. எனினும் 2024 ஆகஸ்டில் பெய்த கனமழையின்போது மதிலின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மதிலைப் பழுதுபார்ப்பது மட்டும் போதாது. உள்ளே செலவாகும் நீரின் அளவும் அது வெளியேறும் வழியும் முறைப்படுத்தப்பட வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி மீண்டும் நினைவூட்டியது.

கோட்டைக்குள் வாழும் குடும்பங்களுக்கு விடுதித் தொழிலே வருவாய். அவர்களை வெளியேற்றினால் கோட்டை உயிரற்ற காட்சிப்பொருளாகிவிடும். கட்டுப்பாடின்றி விட்டாலோ குன்று தாங்காது. இவ்விரண்டிற்கும் இடையே வழி காண்பதே நிர்வாகத்தின் முன்னுள்ள கடினமான பணி.

கால்வாயும் காற்றாலையும்

ஹரிகே தடுப்பணையிலிருந்து பஞ்சாப் நதிகளின் நீரைப் பாலைக்குக் கொணரும் இந்திரா காந்தி கால்வாய்த் திட்டம் 1958இல் தொடங்கப்பட்டது. 204 கிலோ மீட்டர் நீள ஊட்டுக் கால்வாயும் 445 கிலோ மீட்டர் நீளப் பிரதான கால்வாயும் கொண்ட இது, ஜெய்சல்மேர் மாவட்டத்தின் மோகன்கரில் முடிவடைகிறது. இதனால் குடிநீர் கிடைத்தது. பயிர்ப் பரப்பு விரிந்தது. அதே வேளையில், கால்வாய்ப் பகுதியின் சில இடங்களில் நீர் தேங்கி நிலம் உவராயிற்று. மேய்ச்சல் நிலங்களும் சுருங்கின.

காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும் இம்மாவட்டத்திற்குப் புதிய பொருளாதாரத்தை அளித்துள்ளன. ஆனால் அவற்றின் மின்கம்பிகள் கானமயிலுக்கு ஆபத்தாயின. ஒரு காலத்தில் தமிழகத்தின் கோவைப் பகுதியிலும் காணப்பட்ட இப்பறவை இன்று நாட்டில் 150-க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளதாக மதிப்பிடப்பட்டுள்ளது. பெரும்பாலானவை வாழ்வது ஜெய்சல்மேரில். பெரிய உடலும் முன்னோக்கிப் பார்க்கும் ஆற்றல் குறைந்த கண்களும் கொண்ட இப்பறவைகள் பறக்கும்போது கம்பிகளில் மோதி மடிகின்றன. கம்பிகளை நிலத்தடியில் கொண்டு செல்லுமாறு 2021இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது; 2024இல் அவ்வாணையைத் திருத்தி வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. 3,162 சதுர கிலோ மீட்டர் பரப்புள்ள பாலைவனத் தேசியப் பூங்காவும், 2019இல் தொடங்கிய இனப்பெருக்க மையமும் இப்பறவையைக் காக்கும் முயற்சிகளாகும்.

பயன் யாரைச் சேர்கிறது?

இரவில் ஒலிபெருக்கிகளும் பகலில் மணலில் பாயும் ஜீப்புகளுமாக மணற்குன்றுகளை மாற்றிவிட்டால், பயணி காண வந்த அமைதியே அழிந்துவிடும். மாறாக, ஒட்டகம் வளர்ப்போரும், கமாய்ச்சா என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டும் மாங்கணியார் கலைஞர்களும் நேரடி வருவாய் பெறும் முறையில் பயணங்கள் அமையலாம். இராஜஸ்தானில் 2012இல் 3.26 லட்சமாயிருந்த ஒட்டகங்கள் 2019இல் 2.13 லட்சமாகக் குறைந்தன. 2014இல் ஒட்டகம் மாநில விலங்காக அறிவிக்கப்பட்டும் இச்சரிவு நிற்கவில்லை. மேய்ச்சலுக்கு நிலமும் வளர்ப்போனுக்கு வருவாயும் இல்லாவிடில் அறிவிப்பு மட்டும் ஒட்டகத்தைக் காக்காது.

செய்யத்தக்கவை

கோட்டையைப் பகலில் கண்டு, அதன் அடிவாரத்திலுள்ள நகரிலும் அருகிலுள்ள சிற்றூர்களிலும் பயணிகள் இரவு தங்குவதை ஊக்குவித்தல் முதல் நடவடிக்கையாகும். கோட்டைக்குள் உள்ள விடுதிகளின் நீர்ச்செலவை அளவிட்டு வரம்பிடுதல் அடுத்தது. கடீன் கரைகளையும், தெய்வத்தின் பெயரால் காக்கப்பட்டுவரும் ‘ஓரண்’ என்னும் மேய்ச்சல் காடுகளையும் பயணத் தடங்களில் சேர்த்து, அவற்றின் பராமரிப்புக்குச் சுற்றுலா வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கலாம். குளிர் காலத்தில் மட்டும் வேலை பெறும் தொழிலாளருக்கு, மழைக்கு முந்தைய மாதங்களில் ஏரிகளையும் கரைகளையும் செப்பனிடும் பணியை அளிப்பதும் இயலக்கூடியதே.

சுற்றுலாவின் வெற்றியை வந்து சென்றவர்களின் தொகையைக் கொண்டு அளப்பது வழக்கம். ஜெய்சல்மேரைப் பொறுத்தவரை அக்கணக்குடன் கோட்டையின் வடிகால் நிலையும், ஏரிக்கு நீர் வரும் பாதையும், சிற்றூர்க் குடும்பங்களின் வருவாயும் சேர்த்து ஆண்டுதோறும் மதிப்பிடப்பட வேண்டும். 200 மில்லி மீட்டருக்கும் குறைந்த மழையைக் கொண்டு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த ஒரு நகரை, பயணிகள் வந்து தங்கும் அதே வேளையில் வலுவுடன் காப்பதற்கு இம்மதிப்பீடு இன்றியமையாதது.