பின்னெரிப்பானும் ஓடுபாதைத் தளமும்

பின்னெரிப்பான் என்பது தாரைப் பொறியின் சுழலிக்குப் பின்னால், வெளியேறும் வளிமத்தில் மீண்டும் எரிபொருளைத் தெளித்து எரித்துக் கூடுதல் உந்துவிசை பெறும் அமைப்பு ஆகும். சுழலியைக் கடந்து வரும் வளிமத்தில் ஆக்சிசன் எஞ்சியிருப்பதால் இது இயலுகிறது. போர் வானூர்திகள் பல மேலெழும்பும்போது இதனைப் பயன்படுத்துகின்றன. 1976 முதல் 2003 வரை பயணிகள் சேவையில் இருந்த கான்கார்டு வானூர்தியும் இதனைப் பயன்படுத்தியது.

பின்னெரிப்பானுக்குள் வெப்பநிலை ஏறத்தாழ 1,700 பாகை செல்சியசை எட்டக்கூடும். தார்த்தளத்தின் கல்லைப் பிணைக்கும் தாரோ 50 பாகையை ஒட்டியே இளகத் தொடங்கும். எனவே ஓடுபாதை உருகிவிடாதா என்னும் ஐயம் இயல்பானதே. பெரும்பாலும் உருகுவதில்லை. தாரை ஏறக்குறையக் கிடைமட்டமாக, தரைக்குச் சற்று மேலாகச் செல்கிறது. சுற்றியுள்ள காற்றுடன் கலந்து விரைவில் குளிர்கிறது. வானூர்தியும் நகர்ந்துவிடுவதால் எந்த ஓர் இடமும் சில நொடிகளே சூடேறுகிறது. விளக்குச் சுடரினூடே விரலை விரைந்து வீசினால் சுடாததைப் போன்றதே இது.

பாதிப்பு வானூர்தி புறப்படும் முனையிலேயே மிகுதி. அங்கு நிறுத்தியை அழுத்தியவாறு பொறியை முடுக்குவதுண்டு. தார்த்தளத்தில் தார் இளகிக் கற்கள் பிடிப்பிழக்கின்றன. கான்கிரீட் தளத்தில், நுண்துளைகளிலுள்ள நீர் ஆவியாகி அழுத்தம் தருவதாலும், மேற்பரப்பு மட்டும் விரைந்து விரிவதாலும் செதில்கள் பெயர்கின்றன. குவார்ட்சு கலந்த கற்கள் 573 பாகையில் படிக அமைப்பு மாறித் திடீரென விரிவடையும். ஆனால் ஓடுபாதையில் அந்த அளவுக்குச் சூடேறுவது அரிது. பலகங்களுக்கு இடையிலான இணைப்புப் பூச்சே முதலில் கெடும்.

தளம் கெடுவதைவிடப் பெயர்ந்த கற்களே பேரிடர். அடுத்து வரும் வானூர்தியின் பொறி அவற்றை உறிஞ்சினால் அலகுகள் சிதையலாம். ஓடுபாதைகளை அடிக்கடி பெருக்கிச் சோதிப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

தாரை ஒரே இடத்தில் படும்போது நிலைமை வேறு. வானூர்தி தாங்கிக் கப்பல்களில், எறிபொறியில் காத்திருக்கும் வானூர்தியின் பின்னால் நிமிர்த்தப்படும் தடுப்புத் தகடுகள் கடல்நீரால் குளிர்விக்கப்படுகின்றன. செங்குத்தாக இறங்கும் எஃப்-35பி வானூர்திக்கு வெப்பம் தாங்கும் சிறப்புக் கான்கிரீட் தளங்கள் அமைக்கப்பட்டன. வியப்புக்குரியது எஃப்/ஏ-18 வானூர்தியின் சிறிய துணைப் பொறி. அதன் புகை பின்னெரிப்பானின் தாரையைவிடப் பன்மடங்கு வெப்பம் குறைந்தது. எனினும் கீழ்நோக்கி நெடுநேரம் வீசியதாலும், சிந்திய எண்ணெய் கான்கிரீட்டில் ஊறியிருந்ததாலும், அமெரிக்கக் கடற்படையின் வானூர்தி நிறுத்துதளங்களில் மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர்ந்தது.